படைக்கலத்தைத் திருப்பிக் கொடுத்த பெருவீரன்
கெப்பெட்டிபொல திசாவையின் வாழ்க்கை

செஞ்சோற்றுக் கடன் என்பது நம் மக்கள் நெஞ்சிலே ஆழப் பதிந்த ஓர் எண்ணம். ஒருவன் இட்ட சோற்றை உண்டவன் அவனுக்காக உயிரையும் கொடுக்க வேண்டும் என்பதற்குக் கர்ணனையும் கும்பகர்ணனையும் சான்றாகக் காட்டுவர். அறம் ஒருபுறமும் உறவு மறுபுறமும் நின்ற வேளையில் அறத்தின் பக்கம் போய்ச் சேர்ந்த வீடணனையும் நாம் போற்றாமல் விடுவதில்லை. இவ்விருவர் வழிகளிலே எது சிறந்தது என்று பட்டிமண்டபங்களில் நெடுங்காலமாக வாதாடி வருகின்றோம். வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

இக்கேள்வி இதிகாசங்களோடு நின்றுவிடவில்லை. நாம் வாழும் இக்கண்டி நாட்டிலே, இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னர், ஒரு பெருமகனின் வாழ்விலே அது நேருக்கு நேர் வந்து நின்றது. ஒருபுறம் அவர் ஏற்றுக்கொண்ட ஆட்சி. மறுபுறம் அவர் பிறந்த மண்ணின் குடிமக்கள். அவர் எடுத்த முடிவு அவருடைய தலையையே விலையாகக் கேட்டது. அப்பெருமகனே மொனரவில கெப்பெட்டிபொல திசாவை. கண்டிச் சீமையிலே வாழும் இளைஞர் ஒவ்வொருவரும் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

திசாவை என்னும் பதவி

பழைய ஐரோப்பாவிலே அரசன் தன் பிரபுக்களுக்கு நிலம் வழங்குவான். பிரபுக்கள் போர்க்காலத்தில் ஆளும் படையும் திரட்டிக்கொண்டு அரசனுக்குத் துணை நிற்பர். இங்கிலாந்தின் பழங்கதைகளில் வரும் குதிரைவீரப் பிரபுக்கள் எல்லாரும் இவ்வாறு வாழ்ந்தவர்களே. கண்டி இராச்சியத்திலும் இதற்கு ஒப்பான ஒரு முறை இருந்தது. நாடு திசாவனிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திசாவை. அவரே வரி தண்டுபவர், வழக்குத் தீர்ப்பவர், படை நடத்துபவர். குடிகள் தாம் உழுத நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் என்னும் ஊழியத்தைச் செய்தனர். திசாவைகளுக்கு மேலே மகா அதிகாரமும், எல்லாருக்கும் மேலே அரசனும் இருந்தனர்.

அரசனோ நம் தமிழகத் தொடர்புடையவன். 1739ஆம் ஆண்டிலே கண்டிச் சிங்கள அரச வழி மகப்பேறின்றி முடிவுற்றபோது, மதுரை நாயக்கர் வழியினர் அரியணை ஏறினர். நால்வர் ஆண்டனர். அவர்களுள் கடைசியானவன், கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன். 1798ஆம் ஆண்டு முடி சூடிய இவனே 1812ஆம் ஆண்டளவில் இன்று நகருக்கு அழகு செய்யும் கண்டி வாவியை அமைத்தவன்.

இவ்வாட்சியிலே, மாத்தளைப் பகுதியைச் சேர்ந்த உயர்குடியிலே பிறந்து பதவி வகித்தவர் கெப்பெட்டிபொல. அவர் குடும்பத்துப் பெண்ணொருவர், அக்காலத்தின் பெரும் பிரபுவாகிய எகலப்பொலைக்கு மனைவியாகப் புகுந்தார். கெப்பெட்டிபொலையின் தங்கை அவர் என்பது வழிவழி வந்த செய்தி.

குடும்பத்தில் விழுந்த இடி

எகலப்பொல முதலில் அரசனுக்கு வலக்கையாய் விளங்கியவர். பின்னர் இருவருக்கும் இடையிலே ஐயம் புகுந்தது. 1814ஆம் ஆண்டிலே எகலப்பொல ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். சினங்கொண்ட அரசன் அவருடைய மனைவி மக்களைத் தண்டித்தான். பிள்ளைகள் வெட்டுண்டு மாண்டனர். மூத்தவன் அஞ்சிப் பின்வாங்க, இளையவனாகிய மத்தும பண்டார தானே முன்வந்து தலை கொடுத்தான் என்னும் செய்தியை இந்நாட்டுக் குழந்தைகள் இன்றும் பாடமாகப் படிக்கின்றனர். தாயார் போகம்பரைக் குளத்திலே அமிழ்த்தப்பட்டார்.

கெப்பெட்டிபொலையின் நெஞ்சம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். கண்டிப் பிரபுக்கள் பலர் அரசன்மீது வைத்திருந்த பற்று அன்றோடு அற்றது. அடுத்த ஆண்டு ஆங்கிலப் படை கண்டியை நோக்கி வந்தபோது அதை எதிர்த்து நிற்பார் பெரும்பாலும் இல்லாமற் போயினர். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் மெததும்பறைப் பகுதியிலே அரசன் பிடிபட்டான். பின்னர்க் கடல் கடத்தப்பட்டு வேலூர்க் கோட்டையிலே சிறையிருந்து, 1832ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தான்.

மண்டபத்தில் எழுதிய உடன்படிக்கை

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் பேரவை மண்டபத்திலே உடன்படிக்கை படிக்கப்பட்டது. தேசாதிபதி சேர் றொபேட் பிரவுண்றிக் ஆங்கில மன்னனின் சார்பில் நின்றார். கண்டிப் பிரபுக்கள் கையொப்பமிட்டனர். அவர்களுள் சிலருடைய கையொப்பங்களிலே தமிழ் எழுத்துக் கலந்திருப்பதை இன்றும் காணலாம். அக்காலக் கண்டி அரசவையிலே தமிழுக்கு இருந்த இடத்துக்கு அது ஒரு சான்று. ஊவாத் திசாவை என்ற முறையில் மொனரவில கெப்பெட்டிபொலையும் அதில் ஒப்பமிட்டார்.

அவ்வுடன்படிக்கை பிரபுக்களின் பழைய உரிமைகளைக் காப்பதாகவும், பௌத்த சமயத்தையும் அதன் நிலையங்களையும் பேணுவதாகவும் உறுதி கூறியது. ஆட்சி மாறினாலும் வாழ்வு மாறாது என்று பிரபுக்கள் எண்ணினர். இரண்டரை ஆண்டு கழிவதற்குள் அவ்வெண்ணம் பொய்த்தது. அரசன் முன்னிலையிலே உயர்ந்த இடம் பெற்றிருந்த பிரபுக்களுக்குச் சாதாரண ஆங்கிலச் சிப்பாயும் மரியாதை செய்யாது கடந்து போனான். திசாவையின் வாக்கே சட்டமாயிருந்த ஊர்களில் ஆங்கில அதிகாரி அமர்ந்து ஆணையிட்டான். குடிகளுக்கோ கண்ணாற் காணக்கூடிய அரசன் ஒருவன் இல்லாத குறை பெரிதாயிருந்தது. கடலுக்கு அப்பால் ஒரு மன்னன் இருக்கிறான் என்பது அவர்களுக்கு நிறைவு தரவில்லை.

ஊவாவில் எழுந்த தீ

1817ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே வெல்லஸ்ஸக் காடுகளில் ஒருவன் தோன்றினான். முன்பு துறவியாயிருந்த வில்பாவே என்பவன் அவன். தான் நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றும், கதிர்காமக் கடவுளின் அருள் தன்மீது உண்டு என்றும் அவன் கூறிக்கொண்டான். குடிகள் அதை நம்பினர். தமிழ்ப் பெயர் தாங்கிய ஓர் அரசகுமாரனுக்காகச் சிங்களக் குடியானவர்களும் காட்டு வேடர்களும் வில்லெடுத்துத் திரண்டனர் என்பது, இக்காலத்து இன வேறுபாடுகளை மட்டுமே கண்டு பழகிய நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. முடி யாருடைய தலையில் இருக்கிறது என்பதையே அவர்கள் பார்த்தனர்.

இதே காலத்திலே, வெல்லஸ்ஸப் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம் மக்களுக்கு அவர்களுள் ஒருவரையே ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தனர். ஆங்கிலேயர் இதை நிர்வாக ஒழுங்கு என்று கருதினர். தம் அதிகாரத்தில் ஒரு பகுதி பறிபோயிற்று என்று உள்ளூர்த் தலைவர்கள் கருதினர். அம்முகாந்திரம் கிளர்ச்சியாளரிடம் அகப்பட்டு மாண்டார். செய்தியறிந்து விசாரிக்கச் சென்ற பதுளை உதவி வதிவாளர் வில்சன், 1817 செப்டம்பரிலே அம்பு பாய்ந்து உயிரிழந்தார். அதுகாறும் ஊர்ப்பூசலாய் இருந்தது அன்று போராக மாறிற்று.

படைக்கலம் மீண்டது

கிளர்ச்சியை அடக்க யாரை அனுப்புவது? ஊவா மக்களின் திசாவை கெப்பெட்டிபொல. அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. எனவே ஆங்கில ஆட்சி அவரையே தெரிந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேரையும் அவர்களுக்கு வேண்டிய துவக்குகளையும் மருந்தையும் கொடுத்து அவரை ஊவாவுக்கு அனுப்பியது.

அங்கே அவர் கண்டது என்ன? தம்மை எதிர்த்து நிற்போர் கள்வரும் அல்லர், கொள்ளையரும் அல்லர். தாம் ஆண்ட ஊர்களின் குடிகள், தம் முன்னோருக்கு ஊழியம் செய்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் அவரைத் தலைவராக வருமாறு வேண்டினர். 1817 நவம்பரிலே அவர் தம் முடிவைச் செய்தார். குடிகளோடு சேர்ந்தார்.

சேர்ந்தவர், அதற்கு முன்னர் ஒரு காரியத்தைச் செய்தார் என்று வரலாறு சொல்லுகிறது. ஆங்கிலேயர் கொடுத்தனுப்பிய துவக்குகளையும் வெடிமருந்தையும் அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய நிலையில் அதன் பொருள் என்ன என்று சற்றே சிந்திப்போம். கிளர்ச்சியாளரிடம் இருந்தவை பெரும்பாலும் வில்லும் அம்பும். எதிரியிடமோ பீரங்கியும் பயிற்சி பெற்ற படையும். நூற்றுக்கணக்கான துவக்குகள் கையிலே இருக்க, அவற்றைக் கொண்டே போரைத் தொடங்குவதுதான் போர்த்தந்திரம். உலகில் எத்தனையோ தளபதிகள் அவ்வாறு செய்திருக்கின்றனர். அவர்களை யாரும் குறை கூறியதுமில்லை. ஆனால் அவை தம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. நம்பிக் கொடுத்தவன்மீதே அவற்றைத் திருப்புவதற்கு அந்தப் பிரபுவின் மனம் இடந்தரவில்லை.

கர்ணன் துரியோதனனை விட்டு நீங்கவில்லை. வீடணன் இலங்கையை விட்டு வெளிப்படையாக நீங்கினான். கெப்பெட்டிபொலையும் வெளிப்படையாகவே நீங்கினார். நீங்கும்போது பட்ட கடனையும் கணக்குத் தீர்த்துவிட்டு நீங்கினார். ஓர் ஆட்சியை விட்டு விலகுவது துரோகம் ஆகுமா என்ற கேள்விக்கு அவர் செயலிலேயே விடை இருக்கிறது. மறைந்திருந்து ஒருவன் உப்பைத் தின்றுகொண்டே அவனைக் கெடுப்பதுதான் துரோகம். எதிர் நிற்பேன் என்று அறிவித்து, அவன் பொருளை அவனிடமே சேர்த்துவிட்டு எதிர் நிற்பது போர். நம் முன்னோர் அறப்போர் என்று சொன்னது இவ்வகையையே.

ஓராண்டுப் போர்

கெப்பெட்டிபொல சேர்ந்ததும் கிளர்ச்சிக்கு உருவும் ஒழுங்கும் வந்தன. துரைசாமி எனப்பட்டவனின் மகா அதிகாரமாக அவர் படை நடத்தினார். ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட தீ வலப்பனை, தும்பறை, மாத்தளை எனப் பரவிற்று. 1818ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிரவுண்றிக் வெளியிட்ட அறிவித்தல் கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்று சாற்றி, அவர்கள் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. பெப்ரவரியிலே கண்டி நாடெங்கும் இராணுவச் சட்டம் பிறந்தது. எகலப்பொலையின்மீதும் ஐயம் விழவே, அவர் கைதாகிக் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். பின்னர் மொறீசியசுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829ஆம் ஆண்டிலே அங்கேயே மாண்டார். ஆங்கிலேயரை அழைத்து வந்தவருக்கும் முடிவு சிறையாகவே அமைந்தது.

மலைநாட்டின் காடும் கணவாயும் கிளர்ச்சியாளருக்குத் துணை நின்றன. காய்ச்சல் நோய் ஆங்கிலப் படையை வாட்டியது. ஆனால் சென்னையிலிருந்து புதுப் படைகள் வந்திறங்கின. கொழும்புப் பாதை அமைந்த நாலு கோறளையை மொல்லிகொட அதிகாரம் ஆங்கிலேயருக்காகக் காத்து நின்றார். அப்பாதை அடைபட்டிருந்தால் போரின் போக்கு வேறாயிருந்திருக்கும். அதன்மேல் ஆங்கிலேயர் ஊர்களை எரித்தனர், நெல்லை அழித்தனர், கால்நடைகளைக் கவர்ந்தனர். பசியும் நோயும் வாளைவிட மிகுதியான உயிர்களைக் குடித்தன. அப்போது இலங்கையிலே படைமருத்துவராயிருந்த ஜோன் டேவி என்பவர், நாட்டு மக்களிலே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டிருப்பர் என்று மதிப்பிட்டார். எதிர்த்தரப்பைச் சேர்ந்தவரின் கணக்கு அது என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வெளியிலிருந்து வந்த அடியோடு உள்ளிருந்தும் ஓர் அடி விழுந்தது. அரசகுமாரன் எனப்பட்டவன் அரச குலத்தவனல்லன், வில்பாவே என்னும் சாதாரண மனிதனே என்பதைத் தலைவர்களுள் ஒருவராகிய மடுகல்ல வெளிப்படுத்தினார். அவனையும் கெப்பெட்டிபொலையையும் பிடித்துத் தொழுவிலே மாட்டிவைத்தார். வில்பாவே தப்பித் தலைமறைவாகிப் பல ஆண்டுகள் கழித்தே அகப்பட்டான். கிளர்ச்சியின் முதுகெலும்பு அன்றோடு முறிந்தது. ஒற்றுமை குலைந்த படைக்கு எதிரி வேறு வேண்டியதில்லை.

கெப்பெட்டிபொல வடக்கே நுவரகலாவியப் பகுதிக்குச் சென்றார். 1818ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், பறவாகம என்னும் ஊரிலே, ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது ஆங்கிலப் படை அவரைச் சூழ்ந்து பிடித்தது.

இறுதி நாள்

கண்டிக்குக் கொண்டுவரப்பட்ட அவரை இராணுவ மன்று விசாரித்து மரண தண்டனை விதித்தது. அவருடைய கடைசி நாட்களைப் பற்றி நாம் அறிவது, அவரோடு பழகிய ஹென்றி மார்ஷல் என்னும் ஆங்கிலப் படைமருத்துவர் பிற்காலத்தில் எழுதிய நூலினாலேயாம். பகைவர் தரப்பில் நின்ற ஒருவர் எழுதியதாகலின் அதில் புகழ்ச்சிக்கு இடமில்லை என்று கொள்ளலாம்.

1818 நவம்பர் மாதக் கடைசி வாரத்தில் ஒருநாட் காலை, அவருடைய வேண்டுகோளின்படி அவரைத் தலதா மாளிகைக்கு அழைத்துச் சென்றனர். தந்ததாதுவின் முன் அவர் மண்டியிட்டு நின்றார். பிக்கு ஒருவர், அவர் வாழ்நாளிற் செய்த நற்செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அடுத்த பிறவியை இமயமலைச் சாரலிலே எடுத்து, முடிவில் நிர்வாணம் அடைய வேண்டும் என்பது அவர் வேண்டுதலாயிருந்தது. பின்னர்த் தம் மேலாடையைக் களைந்து மாளிகைக்குக் காணிக்கையாக வைத்தார். அது கந்தலும் அழுக்குமாயிருந்தது. தமக்கு இருப்பதெல்லாம் அதுவே என்றும், துணி கந்தலானதால் காணிக்கையின் பலன் குறைந்துவிடாது என்றும் அவர் நகைத்துக்கொண்டே சொன்னாராம். உடன் வந்த ஆங்கில அதிகாரி சாயர்ஸ் விடைபெற முயன்றபோது, அக்கடைசிக் காணிக்கையின் புண்ணியத்தில் ஒரு பங்கை அவருக்கு அளித்தார். தம்மைக் கொல்லப் போகும் ஆட்சியின் அலுவலருக்கு! கேட்ட சாயர்ஸ் கலங்கிப் போனார்.

போகம்பரைக் குளத்தருகே கொலைக்களம். அங்கே அவர் முகமும் கையும் கழுவிக்கொண்டார். கூந்தலை உச்சியிலே எடுத்து முடிந்தார். தரையில் அமர்ந்து, இடையிலே வைத்திருந்த சிறிய ஏட்டை எடுத்துச் சில பாடல்களை ஓதினார். பின்பு அவ்வேட்டைச் சாயர்சிடம் சேர்க்குமாறு அருகில் நின்ற ஒருவரிடம் கொடுத்தார். கொடுக்க வேண்டியவற்றை உரியவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் கடைசி மூச்சு வரை அவரை விட்டு நீங்கவில்லை. நெஞ்சு நடுங்காமல் புத்தர் பெருமானின் திருநாமத்தை உச்சரித்தபடியே அவர் உயிர் துறந்தார். அதே நாளில், அதே இடத்தில், அவரைத் தொழுவில் மாட்டிய மடுகல்லவும் தலை கொடுத்தார். பகை கொண்ட இரு தலைவர்களை மரணம் ஒன்று சேர்த்தது.

அதன் பின்னர்

மார்ஷல் கெப்பெட்டிபொலையின் மண்டையோட்டை எடுத்துச் சென்று, எடின்பரோ நகரிலுள்ள ஒரு சங்கத்துக்குக் கொடுத்தார். மண்டையோட்டின் மேடு பள்ளத்தைக்கொண்டு மனிதர் குணத்தை அளக்கலாம் என்று நம்பிய சங்கம் அது. அக்கொள்கையை அறிவியலார் பின்னர்க் கைவிட்டனர். அந்த மார்ஷலே தம் நூலில், கிளர்ச்சி வெற்றி பெற்றிருந்தால் இம்மனிதர் நாட்டுப்பற்றாளர் என்று போற்றப்பட்டிருப்பார் என்ற கருத்தை எழுதி வைத்தார். வென்றவன் எழுதும் பெயர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வென்றவரே ஒப்புக்கொண்ட இடம் இது.

அக்காலத்துக்குச் சற்று முன்னர்த் தமிழகத்திலும் இதே கதைதான். வீரபாண்டியக் கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு கயத்தாற்றிலும், மருது சகோதரர் 1801ஆம் ஆண்டு திருப்பத்தூரிலும் தூக்கிலேற்றப்பட்டனர். அவர்களையும் ஆங்கிலேயர் கலகக்காரர் என்றே எழுதினர். பாக்கு நீரிணையின் இருகரையிலும் ஒரே கை ஒரே சொல்லை எழுதியது.

1818ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்த புதிய பிரகடனம் பிரபுக்களின் அதிகாரத்தைப் பெரிதும் ஒடுக்கிற்று. அதன்பின் மலைகளைக் குடைந்து பாதைகள் போடப்பட்டன. பாதை வழியே கோப்பி வந்தது. கோப்பியைத் தொடர்ந்து தேயிலை வந்தது. அத்தோட்டங்களிலே உழைக்கத் தமிழகத்திலிருந்து நம்மவர் ஆயிரமாயிரமாகக் கால்நடையாய் வந்தனர். எனவே ஊவாக் குடிகள் தோற்ற அப்போர் நமக்கு அயலார் கதையன்று. நம் முன்னோர் ஏறிய மலைகள் எத்தகைய கண்ணீரில் நனைந்திருந்தன என்பதை அது நமக்குச் சொல்லுகிறது.

இலங்கை விடுதலை பெற்ற பின்னர் அவ்வீரரின் மண்டையோடு தாயகம் திரும்பியது. 1954ஆம் ஆண்டிலே தலதா மாளிகை முன்றிலில் அடக்கம் செய்யப்பட்டு அதன்மேல் நினைவுச் சின்னம் எழுந்தது. ஊவாவிலே வெலிமடைக்கு அருகே ஒரு நகர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2016ஆம் ஆண்டு டிசம்பரிலே, ஆங்கிலேயர் சாற்றிய துரோகிப் பட்டம் அரச ஆணையினால் நீக்கப்பட்டது. அப்பட்டம் நீங்க ஏறத்தாழ 199 ஆண்டுகள் சென்றன.

இளைஞர்களே! இவ்வுலகில் நாம் எத்தனையோ இடங்களிலே ஊழியம் செய்ய வேண்டியிருக்கும். எத்தனையோ பேரின் நம்பிக்கையைப் பெற வேண்டியிருக்கும். ஒருநாள் அவ்விடத்தை விட்டு விலக வேண்டிய காலமும் வரலாம். தொழிலிலும் சங்கத்திலும் அரசியலிலும் இது நேர்வதே. அன்று எப்பக்கம் செல்வது என்பதை அவரவர் நெஞ்சம் தீர்மானிக்கட்டும். எவ்வாறு செல்வது என்பதற்கு மட்டும் கெப்பெட்டிபொல திசாவையை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பிக் கொடுத்த பொருளை நம்பிக் கொடுத்தவன் கையிலே வைத்துவிட்டு, வெறுங்கையோடு, நிமிர்ந்த தலையோடு அவர் நடந்தார். அந்த வெறுங்கையே அவருடைய பெரிய படைக்கலம்.